ரூத் மிஸ்ஸின் இடதுபக்க ஸ்பீக்கர்

1

நான் வேலை செய்யும் கிடங்கின் வாசலில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்ஃபோன், ஒரு நர்ஸ். நாள் முழுக்க இயந்திர இரைச்சலில் நிற்பவர்களின் காதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது ஜெர்மனியின் சட்டம். இங்கே சட்டம் என்றால் சட்டம்தான். காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தால், அடுத்த வாரம் நமக்காகவே தனியாக ஒரு தேதி போட்டுக் கடிதம் வந்துவிடும்.

போன மாதம் என் முறை. பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். வலது காது முடிந்தது. இடது காதில் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதோ என்று நர்ஸைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாயிருக்காதே என்று குத்துமதிப்பாக இரண்டு முறை அழுத்தி வைத்தேன். விற்பனைக்காரன் புத்தி எங்கே போகும்?

அவள் எழுந்து வந்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள். இடதை வலதிலும் வலதை இடதிலுமாகத் திருப்பி மாட்டிவிட்டு, திரும்பவும் தொடங்கினாள். கோளாறு கருவியிலா காதிலா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். பத்து வருடங்களுக்கு முன்னால் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டு ஹாலில் இதே வேலையை நான் செய்திருக்கிறேன். விடையைத் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

திருப்பி மாட்டிய பிறகும் இடது காதில்தான் கேட்கவில்லை. நர்ஸ் ஏதோ கேட்டாள். ‘எவ்வளவு’ என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து ‘கொஞ்சம்’ என்று பதில் சொன்னேன். அவள் கேட்டது ‘எப்போதிருந்து’. பத்து வருடம் இந்த ஊர் ரொட்டியைத் தின்றும் என் ஜெர்மன் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. பேசிப் பயனில்லை என்று ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். அதை நிரப்பி, காது டாக்டரிடம் கொண்டு போக வேண்டும்.

படிவத்தில் பெயர், பிறந்த தேதி எல்லாம் தாண்டி நான்காவது வரியில் இரண்டு கேள்விகள் இருந்தன. குறையை முதலில் எப்போது கவனித்தீர்கள்? அதை யாரிடம் சொன்னீர்கள்?

அந்த வரியை நிரப்பாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

ஊரில் நீங்கள் ஸ்பீக்கர் வாங்கியிருப்பீர்கள். கடையில் சத்தமாகப் பாட்டுப் போடச் சொல்லி, பெட்டியைத் தட்டிப் பார்த்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பீர்கள். நான் வேலை பார்த்த கடை அந்த வகை இல்லை. பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளம். வாசலில் பெயர்ப்பலகை உள்ளங்கை அளவுதான். முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். ஜெர்மனியிலிருந்து வரும் ஒரு கம்பெனியின் ஸ்பீக்கர்களுக்கு எங்கள் முதலாளி இர்ஃபான் பாய்தான் டீலர். நான் அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருந்தவரின் மகன். பாயின் வீட்டு ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்யப் போய், அவருடைய கடையிலேயே ஒட்டிக்கொண்டவன்.

கடையின் உயிர் டெமோ ரூம்தான். தரை முழுக்கக் கம்பளம், கனத்த திரைகள், நடுவில் ஒரே ஒரு நாற்காலி. செருப்பை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். வாடிக்கையாளரை உட்கார வைத்து, ஃபேனை நிறுத்தி, ஒரு நிமிடம் எதையும் போடாமல் விட வேண்டும். காதுக்குப் பசி எடுக்கட்டும் என்பார் பாய். அப்புறம் வாடிக்கையாளரே கொண்டுவந்த சிடியைப் போட வேண்டும். முதலில் விலை குறைந்த ஜோடி. அடுத்து நாங்கள் விற்க நினைக்கும் ஜோடி. அதற்கு மாற்றும்போது வால்யூமை ஒரு நூல் கூட்டிவிட வேண்டும். கூட்டியது தெரியக் கூடாது. தெளிவாக இருக்கிற மாதிரி தோன்ற வேண்டும், அவ்வளவுதான். மனிதக் காது சத்தத்தைச் சுத்தம் என்று நம்பிவிடும். எத்தனை எஞ்சினியர்களை, எத்தனை டாக்டர்களை இந்த ஒரு நூலில் கட்டி இழுத்திருக்கிறோம்!

வாங்கிய பிறகு மூன்று வாரம் வீட்டில் வைத்துக் கேட்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். அந்த மூன்று வாரத்துக்குள் யாராவது குறை சொன்னால், ‘புது ஸ்பீக்கர் சார், இருநூறு மணி நேரம் ஓடினால்தான் குரல் திறக்கும்’ என்று சொல்ல வேண்டும். இருநூறு மணி நேரம் ஓடுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிடும்.

பாய் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் எதை மீறினாலும் திட்டோடு விட்டுவிடுவார். ஒன்றை மீறினால் மட்டும் வேலை போய்விடும்.

“அரே சேகர், ரூமைக் குறை சொல்லு, ஒயரைக் குறை சொல்லு, கரண்டைக் குறை சொல்லு. கஸ்டமர் காதைக் குறை சொல்றது மட்டும் நக்கோ, வேணவே வேணாம். காதைச் சொன்னா அவனோட மானத்தைச் சொன்ன மாதிரி. அப்புறம் அவன் வரமாட்டான், அவன் தோஸ்துங்களும் வரமாட்டாங்க.”

3

ரூத் மிஸ் எங்கள் கடைக்குத் தனியாக வந்தார். அதுவே எங்களுக்குப் புதிது. பெண்கள் கணவனோடு வருவார்கள், டெமோ ரூமுக்கு வெளியே பத்திரிகை புரட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் வெள்ளைப் புடவையும் கண்ணாடியுமாக, கைப்பையிலிருந்து சிடியை எடுத்து நீட்டியபடியே உள்ளே வந்தார். ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு டீச்சர். அந்த வருடம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காக்ஸ் டவுனில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். சர்ச் கொயரில் பாடுகிறவர். நாற்பது வருடம் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று பாடியாயிற்று, இனி முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று சொன்னார்.

வழக்கம்போல முதல் ஜோடி, அப்புறம் இரண்டாவது ஜோடி. பாட்டு பாதியில் இருக்கும்போதே கையைத் தூக்கினார்.

“தம்பி, இதுக்கு மட்டும் வால்யூமைக் கூட்டிட்டீங்கல்ல?”

நான் கடையில் இருந்த ஆறு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கு என்னவோ சிரிப்பு வந்துவிட்டது.

“ஆமா மிஸ். கொஞ்சம் கூட்டினேன்.”

“எதுக்கு?”

“அப்பதான் மிஸ் விக்கும்.”

அவரும் சிரித்துவிட்டார். “சரி, சமமா வச்சுப் போடுங்க. பொய் சொன்னா ஒத்துக்கிற ஆளா இருக்கீங்க. அது போதும். இனிமே நீங்க என்ன சொன்னாலும் நம்புவேன்.”

சமமாக வைத்துப் போட்டேன். அப்போதும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார். இருநூறு மணி நேரக் கதையைச் சொன்னபோது விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, “மூணு வாரத்துக்கு ஒரு நாளைக்கு ஒம்பதரை மணி நேரம் வருது. நான் சமைக்க வேணாமா தம்பி?” என்றார். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனது. கேட்கும்போது அவர் நாற்காலியை ஒரு சாண் இடதுபக்கமாக நகர்த்திக்கொண்டதை மட்டும் அன்றைக்குப் பார்த்தேன். ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

4

படிவத்தை நிரப்ப என் மகள் ப்ரியாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். வரவர அதுவும் குறைந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் எனக்கு இடதுபக்கம் உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறாள். பிள்ளைகள் இந்த ஊரில் இப்படித்தான் கைவிட்டுப் போகும் என்று என் மனைவியிடம் எத்தனையோ தடவை அங்கலாய்த்திருக்கிறேன். ஊருக்கு எழுதும் கடிதங்களிலும் புலம்பியிருக்கிறேன்.

“எப்பலேர்ந்துன்னு போட, அப்பா?” என்றாள். நல்ல வேளையாக வலதுபக்கம் நின்றாள்.

“தெரியலையே.”

“எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் பேசினா நீ பதில் சொல்றதே இல்ல. கோவமாக்கும்னு நெனச்சேன். அப்புறம் நிறுத்திட்டேன்.”

இதைத் தமிழிலேயே சொன்னாள். இரண்டு வருடமாக இந்தக் குழந்தை என் இடது காதில் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஜெர்மனியைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ரூமைக் குறை சொல்லு, ஒயரைக் குறை சொல்லு, கரண்டைக் குறை சொல்லு. பாயின் பாடம் எனக்கு ரொம்ப நன்றாகத்தான் ஏறியிருந்தது.

5

ஸ்பீக்கர் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் ரூத் மிஸ்ஸிடமிருந்து போன் வந்தது. இடதுபக்கம் சத்தம் கம்மியாக இருக்கிறது என்றார். அந்த வாரம் கடையே தலைகீழாக இருந்தது. ஜெர்மன் கம்பெனி அதிகாரி வரப்போகிறார். எங்களைப் போன்ற டீலர்களிடமிருந்து ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, இந்தியாவுக்கான சர்வீஸ் வேலைக்கு ஜெர்மனிக்கே கூட்டிப்போகப் போகிறார் என்று பேச்சு. பாய் என் பெயரைச் சொல்லி வைத்திருந்தார்.

“ஒரு ஜோடி கூட ரிட்டர்ன் வரக் கூடாது சேகர். வந்தா உன் ஜெர்மனி கல்லாஸ்.”

நானே ஸ்கூட்டரில் காக்ஸ் டவுன் போனேன். ஹாலில் ஸ்பீக்கர் இரண்டின் மேலும் வெள்ளைத் துணி விரித்து, தூசி படாமல் வைத்திருந்தார். முதலில் ஒயர்களை மாற்றிப் போட்டேன். இடதுதான் கம்மி என்றார். பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினேன். அப்போதும் இடதுதான் என்றார். அப்படியானால் ஒயரும் இல்லை, பெட்டியும் இல்லை. மிச்சம் அறை, இல்லாவிட்டால் காது. அவரை எழுந்திருக்கச் சொல்லி அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு இரண்டு பக்கமும் தராசு பிடித்த மாதிரி சமமாகக் கேட்டது.

அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நூல் வால்யூமைக் கண்டுபிடித்த காது அது. அதில் ஒருபக்கம் குறைகிறது என்றால் ஏதோ தப்பு நடக்கிறது.

“உங்களுக்கு எப்படிக் கேக்குது தம்பி?”

வாயைத் திறந்தேன். ‘மிஸ், ஒரு டாக்டரைப் பாருங்க’ என்று சொல்ல ஐந்து வினாடி போதும். ஆனால் காதில் கோளாறு என்றால் இவ்வளவு விலை கொடுத்து ஸ்பீக்கர் எதற்கு என்று அவர் திருப்பித் தந்துவிட்டால்? மூன்று வாரம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

“எனக்கும் இடது கொஞ்சம் கம்மியாத்தான் கேக்குது மிஸ். ரூம்தான் காரணம். அந்தப் பக்கம் ஜன்னல் இருக்குல்ல, சத்தத்தை இழுத்துடுது.”

ஆம்ப்ளிஃபயரில் இடது, வலது சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருக்கும். அதன் கோடு பன்னிரண்டு மணி முள் போல நேராக நின்றது. அதை இடதுபக்கமாக, பதினொன்றுக்குத் திருகினேன்.

“இப்ப?”

“ஆ, இப்ப சமமாயிடுச்சு! நீங்க கெட்டிக்காரர்.” காபி கொடுத்து அனுப்பினார்.

அதிகாரி வந்தார், என்னைத் தேர்ந்தெடுத்தார். விசாவும் காகிதங்களும் வர ஒரு வருடம் ஆகும் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ரூத் மிஸ் மறுபடி போன் செய்தார். போய், பதினொன்றிலிருந்து பத்தரைக்குத் திருகினேன், ஒரு திரையை மாற்றச் சொன்னேன். இப்போது திருப்பித் தரும் கெடுவெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. எனக்கு எந்த ஆபத்தும் இல்லை, சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது சொன்னால் முன்னால் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே. ஈஸ்டருக்குப் பிறகு இன்னொரு முறை போய் ஒன்பதுக்குத் திருகினேன். மூன்று தடவையும் காபி, மூன்று தடவையும் பிளம் கேக். அந்தக் குமிழ் நகர நகர அவருடைய காது போய்க்கொண்டிருப்பதை நான் என் விரலாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

ஜூலையில் அவர் சர்ச் படியில் தலைசுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இடது காதின் நரம்பில் ஒரு கட்டி. ரொம்ப நாளாக வளர்ந்திருக்கிறது. ஆபரேஷனில் கட்டியை எடுத்துவிட்டார்கள். அந்தக் காது முழுதாகப் போய்விட்டது. முகத்தின் இடதுபக்கம் தொங்கிவிட்டது.

நான் விமானம் ஏறுவதற்குப் பத்து நாள் முன்பு போய்ப் பார்த்தேன். வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொள்ள, மெதுவாகப் பேசினார்.

“கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா காதையும் முகத்தையும் காப்பாத்தியிருக்கலாமாம். டாக்டர் திட்டறார். என்ன பண்றது? உங்களைத்தான் பாவம் சும்மா சும்மா அலைய விட்டேன்.”

நான் கொண்டுபோன ஆப்பிள் பையை மேசைமேல் வைத்துவிட்டு, “உடம்பைப் பார்த்துக்கோங்க மிஸ்” என்று சொன்னேன். வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தேன். அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். பத்து நாள் இருந்தது, மறுபடி போயிருக்கலாம். போகவில்லை, பெட்டி கட்டினேன்.

என்னைக் கூட்டிவந்த பிரிவை நான்காம் வருடமே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தக் கிடங்குதான். எந்த வேலைக்காக அந்தப் பொய்யைச் சொன்னேனோ அந்த வேலையும் இல்லை. ஆனால் வீடு, மனைவி, மகளின் பள்ளிக்கூடம், நான் மாதாமாதம் அடுகோடி வீட்டுக்கு அனுப்பும் பணம், எல்லாம் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கின்றன.

7

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். யாரிடம் சொன்னீர்கள் என்ற இடம் இன்னும் காலியாக இருந்தது. பழைய டைரியில் காக்ஸ் டவுன் நம்பர் இருந்தது. பெங்களூர் நம்பர்களுக்கு முன்னால் இப்போது ஒரு இரண்டு சேர்க்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். சேர்த்துப் போட்டேன். இருப்பாரோ இல்லையோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்.

“மிஸ், சேகர் பேசறேன். ஸ்பீக்கர் கடை சேகர்.”

“இருங்க தம்பி, ரிசீவரைச் சரியான காதுக்கு மாத்திக்கிறேன். ம், இப்ப சொல்லுங்க. ஜெர்மனியிலேர்ந்தா? ஆச்சரியமா இருக்கு. ஸ்பீக்கர் நல்லா இருக்கு. வலதுல கேக்கறேன். இடதுமேல பூந்தொட்டி வச்சிருக்கேன்.”

குரல் கொஞ்சம் குழறினாலும் அதே ரூத் மிஸ். நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஒயரை மாற்றியது, பெட்டியை மாற்றியது, அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்குச் சமமாகத்தான் கேட்டது, ரூம் என்று சொன்னது பொய், அன்றைக்கே எனக்குத் தெரியும். எல்லாவற்றையும். சொல்லி முடித்து, திட்டுக்குக் காத்திருந்தேன். சமையலறை வாசலில் ப்ரியா வந்து நின்றிருந்தாள்.

“தம்பி,” என்றார். “முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். ஒயரை மாத்தியாச்சு, பெட்டியை மாத்தியாச்சு, மிச்சம் என்னன்னு எனக்குத் தெரியாதா? நீங்க அன்னைக்குப் போனப்புறம் அந்தக் குமிழைப் பழையபடி நேரா வச்சேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உக்காந்தேன். இப்ப ஜன்னல் என் வலதுபக்கம். ரூம்னா வலதுல குறையணும். அப்பவும் இடதுலதான் குறைஞ்சுது. காதுதான்னு விடை வந்திருச்சு.”

“அப்புறம் ஏன் மிஸ் டாக்டர்கிட்ட போகல?”

“உங்களுக்கும் கம்மியா கேக்குதுன்னு சொன்னீங்களே. பொய் சொன்னா ஒத்துக்கிற பையன்னு உங்களைப் பத்தி ஒரு நெனப்பு. அந்தப் பையனுக்கும் கம்மியா கேக்குதுன்னா, நான்தான் கணக்கைத் தப்பாப் போட்டிருக்கேன்னு, என் விடையை நானே அடிச்சுட்டு, குமிழை மறுபடி நீங்க வச்ச இடத்துலயே வச்சுட்டேன்.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்திருப்பார். “இருக்கீங்களா?” என்றார்.

“இருக்கேன் மிஸ்.”

“பத்து வருஷம் கழிச்சு இன்னைக்கு என்ன திடீர்னு?”

வேனையும் நர்ஸையும் படிவத்தையும் சொன்னேன்.

“எந்தக் காது?”

“இடதுதான் மிஸ்.”

பரவாயில்லை என்றோ மன்னித்துவிட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசுகிற குரலில் சொன்னார்.

“நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. ரூம்தான் காரணம்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க.”